நாற்பத்திரண்டு பேரும் ஒரு லவ் கேக்கும்

நாற்பத்திரண்டு பெண்களின் பெயரை எழுதி எடுத்த பிறகுதான் றேணுகா மாக்ரெட் அன்ரியிடம் போய், லவ் கேக் வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டாள்.

அன்ரி முடியாது என்றுவிட்டார்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில், ரவையும் தேனும் போட்டுச் செய்யும் அவருடைய லவ் கேக்கைத் தெரியாத ஆளில்லை. டிசம்பரில் நத்தார் வந்தால் வாசலில் வரிசைதான். மூன்று வருடத்துக்கு முன் என்ன நினைத்தாரோ, விற்பதையே விட்டுவிட்டார்.

ஆண்டவர் தந்த கொடையைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கக் கூடாது, நாலு பேருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, புதிதாக வந்த ஃபாதர் ஞாயிறு பூசைக்குப் பிறகு வகுப்புகள் தொடங்கியிருந்தார். ஹெக்டர் அங்கிள் பிளக் மாற்றக் காட்டிக் கொடுத்தார். ஐறீன் டீச்சர் சிங்களத்தில் கடிதம் எழுதப் பழக்கினார். அடுத்தது மாக்ரெட் அன்ரி என்று ஃபாதருக்கு வாக்குக் கொடுத்தவள் றேணுகா. ஆளைக் கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கலாம். எங்கே, அவசரம்.

"கை உளையுது பிள்ளை," என்றார் அன்ரி.

கிண்ட வேண்டாம், வாயால் சொன்னால் போதும் என்றாள் றேணுகா. எழுதித் தந்தாலும் காணும் என்று இன்னும் இறங்கிப் பார்த்தாள். அன்ரி அசையவில்லை. தேத்தண்ணி மட்டும் வந்தது.

றேணுகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பத்திரண்டு பேரின் முகத்தில் எப்படி விழிப்பது?

"போகேக்க இதையும் பெட்டிக்குள்ள வைச்சுக் கொண்டு போகப் போறியளே அன்ரி?" என்று கேட்டேவிட்டாள்.

எச்சில் கையால் காகம் கலைக்காத மனுசி என்று வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு, நேரே அகீலா வீட்டுக்குப் போனாள். புருஷன் ஹார்பரில் விபத்தில் போன பிறகு, கேக் செய்து விற்று இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறவள் அகீலா. அவளுடைய லவ் கேக்கும் லேசுப்பட்டதல்ல. அந்த வகுப்பை நீ எடு என்றாள் றேணுகா.

அகீலா வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஏலாது அக்கா. பிள்ளைகள் படிச்சு முடிக்கும்வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லிக் குடுக்கக் கூடாது எண்டு சத்தியம் வாங்கிக்கொண்டுதான் மாக்ரெட் அன்ரி எனக்கே பழக்கினவ. எல்லாரும் பழகினா உன்னட்ட ஆர் வாங்குவினம் எண்டவ. எனக்காகத் தானும் விக்கிறதை விட்டிட்டா."

றேணுகா நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் சொன்னனான் எண்டு மாக்ரெட் அன்ரியிட்டச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. ஏசுவா."

றேணுகாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கேக் வகுப்பு எப்போது என்று ஃபாதர் கேட்டார். பெண்களெல்லாம் சுற்றி நின்றார்கள். முன் வாங்கில் மாக்ரெட் அன்ரி செபமாலையோடு உட்கார்ந்திருந்தார்.

"அதை ஏன் கேக்கிறியள் ஃபாதர்," என்றாள் றேணுகா, எல்லாருக்கும் கேட்கும்படி. "எச்சில் கையால காகம் கலைக்காத மனுசி, சொல்லித் தரமாட்டா. நத்தாருக்கு லவ் கேக் வேணுமெண்டா இனி நாங்கள் எல்லாரும் அகீலாட்டத்தான் வாங்கோணும்."