மாமனார் வைத்த பரீட்சை

“பன்னெண்டு வோல்ட்டு பேட்டரி. மூணு ஆம்பியர் கரண்ட் ஓடுது. ரெசிஸ்டன்ஸ் எவ்ளோ? ஜல்தி சொல்லு!”

அந்தோணி பிரபுவுக்குச் சட்டை நனைந்துவிட்டது. வந்தது வேலைக்கு இன்டர்வியூ என்றால்கூடப் பரவாயில்லை. பாவம், வெனிலாவைப் பெண் கேட்டு வந்திருந்தான். கேள்வி கேட்டவர் அவள் அப்பா இருதயராஜ், திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டுகிறவர்.

பிரபு படித்தது பி.காம். வேலை குயிலாப்பாளையத்து பேக்கரியில். ஃபியூஸ் போனால் மெழுகுவத்தி தேடுகிற ஆள். இதில் பாஸானால் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவிப்பார்கள். இல்லாவிட்டால் வெனிலாவுக்கு வேறு மாப்பிள்ளை.

“வெனிலா, என் கண்ணெதிர்லயே உக்காரு. ஜாடை காட்டுன, அவ்ளோதான்.”

அவள் தலை குனிந்துகொண்டாள். சமையலறையில் அவள் அம்மா இருதயசெல்வி வடைக்குப் பருப்பு அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி விட்டு விட்டுக் கத்தியது.

“நாலு ஓம்ஸ் சார்!”

“அட! பவரு?”

மறுபடி மிக்ஸி. என்ன பருப்போ, மசியவே மாட்டேன் என்றது.

“முப்பத்தாறு வாட்ஸ் சார்!”

“சார் என்னா சாரு, மாமான்னு கூப்புடு” என்று மீசையைத் தடவினார் இருதயராஜ். “லவ்வு கிவ்வெல்லாம் எனக்குப் பெருசில்ல, கணக்குதான். எங்க மாமனாரு லைன்மேனு. நான் பொண்ணு கேட்டுப் போனப்போ இப்படித்தான் உக்கார வச்சுக் கேட்டாரு. அப்ப எனக்கு வயரைக்கூடத் தொடத் தெரியாது. ஆனாலும் டக்கு டக்குன்னு சொன்னேன். அதெல்லாம் ரத்தத்துல இருக்கணும்டா!”

பிரபு பயபக்தியோடு தலையாட்டினான்.

“கடைசிக் கேள்வி. தப்பாச்சுன்னா பேசாம பஸ் ஏறிடணும். இருநூத்தி முப்பது வோல்ட்டு, பத்து ஆம்பியர். ரெசிஸ்டன்ஸ்?”

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஃபேன் நின்றது, மிக்ஸியும் நின்றது. பிரபுவின் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. வெனிலா மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டாள்.

“என்னாடா, இவ்ளோ நேரம் நல்லாத்தானே சொல்லிக்கினு இருந்த?”

அப்போது உள்ளேயிருந்து உரலில் இடிக்கும் சத்தம் கேட்டது. ணங், ணங். கொஞ்சம் இடைவெளி. ணங், ணங், ணங்.

“இருபத்தி மூணு ஓம்ஸ் மாமா!”

இருதயராஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அடிப்பாவி!” என்று சமையலறைக்குள் பாய்ந்தார். இருதயசெல்வி கையில் குழவியோடு நின்றிருந்தாள். உரலில் ஒரு துண்டு இஞ்சிகூட இல்லை.

“அப்ப மிக்ஸியும் நீதானா? அம்மாவும் பொண்ணும் கூட்டு சேந்துக்கினு என்னையே ஏமாத்துறீங்களா? கணக்குத் தெரியாத பயலுக்கு எம் பொண்ணைக் குடுப்பனா நானு?” ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

இருதயசெல்வி குழவியை மெதுவாகக் கீழே வைத்தாள். கூடத்தைப் பார்த்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

“மெதுவாப் பேசுங்க. எங்கப்பா கேட்டப்போ உங்களுக்கு நான் இடிக்கலையா?”