நெத்திலிக்குச் சோறு இல்லை

"எல்லாருக்கும் இட்லி கீது. நெத்திலிக்கு மட்டும் இன்னிக்கும் ஒரு பிடி சோறு இல்லியா?"

மாமனார் மாயவன் கேட்டதற்கு மருமகள் தேவிப்பிரியா நிமிரக்கூட இல்லை. பைக்குள் எதையோ திணித்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல மாமா. அது வெளிய துன்னுக்கும். நான் போனதும் கதவ தொறந்து வுடுங்க, போதும்."

ரயிலுக்கு ஓடிவிட்டாள். மகன் அரசு அதற்கு முன்பே வேலைக்குப் போயிருந்தான்.

நெத்திலி என்பது நாய். குட்டியில் அவ்வளவு ஒல்லி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்த குப்பத்து வீட்டைக் கடல் அரித்துக்கொண்டு போனதும், அப்பாவையும் நாயையும் அரசு கூடுவாஞ்சேரிக்கு அழைத்து வந்துவிட்டான். மூன்றாவது மாடி. வந்து இரண்டு மாதம் ஆகிறது.

இந்த இரண்டு மாதத்தில் மாயவன் ஒரே ஒரு தடவைதான் தனியாகத் தெருவில் இறங்கினார். நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். கலங்கரை விளக்கத்தையும் பனைமரத்தையும் ஒரே நேராகப் பிடித்துக் கரை சேருகிறவர். அதே பழக்கத்தில், வீட்டுக்கு மேலே தெரிந்த கட்டட கிரேனைக் குறி வைத்துக்கொண்டு நடந்தார். திரும்பி வரும்போது பார்த்தால், கிரேன் வேறு பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

எல்லாத் தெருவும் ஒரே தெரு. எல்லா கேட்டும் ஒரே கேட். மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு, சட்டைப் பையில் இருந்த விலாசச் சீட்டை ஓர் ஆட்டோக்காரரிடம் காட்டி வீடு வந்தார். கடலிலேயே வழி தப்பாதவர் இதை வெளியே சொல்வாரா? அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் முட்டி வலி என்றுவிட்டார்.

மொட்டை மாடிக்கு மட்டும் தினம் நாலு தடவை ஏறி, கடல் தெரிகிறதா என்று பார்ப்பார்.

நெத்திலியும் வந்த புதிதில் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டுதான் கிடந்தது. இப்போது தானே இறங்கிப் போய், வயிறு நிறைந்து வருகிறது. முன்பின் தெரியாத ஊரில் இதற்கு யார் சோறு போடுகிறார்கள்? மாயவனுக்கு அது ஒரு பக்கம் ஆச்சரியம். தன் நாயை மருமகள் பிச்சை எடுக்க விட்டுவிட்டாளே என்ற கோபம் ஒரு பக்கம்.

"நீ எந்த வூட்டு வாசல்ல போயி நிக்கிறன்னு பாத்துட்டு வரேன். நாயி பட்டினி கெடக்கற வூட்ல எனக்கு இன்னா வேல? சாயங்காலம் அரசு வரட்டும். குப்பத்துல தம்பி வூட்டுக்கே போயிடலாம் வா."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். முட்டி வலியும் மட்டுப்பட்டுவிட்டது. நாயின் பின்னாலேயே இறங்கினார்.

நெத்திலி அவசரப்படவில்லை. கேட்டைத் தாண்டி ஒரு கல்லை மோந்தது. டிரான்ஸ்பார்மர் ஓரத்தை மோந்தது. மாவு மில் வாசலில் நின்று தும்மிவிட்டு இடது பக்கம் திரும்பியது. உறுமிய தெருநாய்க்கு வாலைத் தாழ்த்திக் காட்டிவிட்டு, தன் வேலையைப் பார்த்துக்கொண்டு நடந்தது.

மாயவனுக்கு வேடிக்கையாக இருந்தது. இந்த நாய் தூரத்தில் எதையும் குறி வைக்கவில்லை. எல்லாக் குறியும் மூக்குக்குக் கீழேயே வைத்திருக்கிறது. தானும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். அரைபடும் மிளகாய் நெடி. அடுத்த திருப்பத்தில் பஞ்சர் கடை ரப்பர். கிரேனைத் திருப்பி வைத்ததுபோல் இதை யாரும் திருப்பி வைக்க முடியாது என்று தோன்றியது.

ஸ்டேஷன் ரோட்டு டீக்கடையில் பெஞ்சுக்கு அடியில் நெத்திலி உரிமையோடு படுத்தது. கடைக்காரர் ஜானகிராமன் ஓர் அலுமினியத் தூக்கைத் திறந்து அதன் முன்னால் வைத்தார். மீன் குழம்புச் சோறு.

மாயவன் குனிந்து பார்த்தார். அடிப்பக்கம் படகில் இடித்து நசுங்கிய தூக்கு. கடலுக்குக் கஞ்சி கொண்டுபோன அவருடைய தூக்கு. ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

"இது எப்டி இங்க வந்துச்சி?"

"ரயிலுக்குப் போற பொண்ணு ஒண்ணு தெனம் குடுத்துட்டுப் போவுது. மொதல்ல நாலு நாளு நாயையும் கூடவே இட்டாந்து வழி காட்டுச்சி."

"வூட்லயே போட்டா இன்னாவாம்?"

"நானும் அதான் கேட்டேன். 'எங்க மாமாக்கு முட்டி வலியெல்லாம் இல்லண்ணா, வழி தெரியாத பயம். அத வாய் வுட்டு சொல்ல மாட்டாரு. நாயி பட்டினின்னா எறங்கி வந்துருவாரு'ன்னுச்சி." ஜானகிராமன் கண்ணாடி கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினார். "உக்காருங்க. உங்களுக்கு சக்கர கம்மின்னு ஒரு மாசம் முன்னாலயே சொல்லி வச்சிகீது."