எங்கே பிரிப்பது

அண்ணனைச் சத்திரசிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன பிறகு, தேத்தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்பிய றெஜினா, அவர் மனைவியான மச்சாளைக் காணாமல் தேடினாள். அந்த டச்சு ஆஸ்பத்திரியின் நடையில் ஓர் அறை திறந்திருந்தது. உள்ளே, முகம் புதைக்க ஓட்டை விட்ட நீளக் கட்டிலின் முன் எமரன்சியா மச்சாள் செபமாலையோடு முழந்தாளில் இருந்தாள்.

“கதவில எழுதியிருக்கிறதைப் பாக்கேல்லையே? மஸ்ஸா எண்டா சனக்கூட்டம், கெபெட் எண்டா செபம்!” என்றாள் மச்சாள்.

றெஜினாவுக்குச் சிரிப்பு முட்டியது. டச்சுக்காரர் சொற்களை ஒட்டியே எழுதுவார்கள்; கதவில் ‘massagebed’ என்று இருந்தது. அந்தச் சொல்லில் முதல் அசையை அழுத்தி ‘massa-gebed’ என்று பிரித்தால் கூட்டுச் செபம். இரண்டாவதை அழுத்தி ‘massage-bed’ என்று பிரித்தால் மஸாஜ் கட்டில்.

“ஐயோ மச்சாள், இது உடம்பு பிடிச்சுவிடுற...”

அதற்குள் எண்ணெய்ப் போத்தலோடு வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்துவிட்டார். எண்ணெயைக் கண்டதும் அவரைக் குருவானவர் என்று நினைத்த எமரன்சியா, பூசுவதற்காக நெற்றியைத் தாழ்த்தினாள்.

அவர் திகைத்து றெஜினாவைப் பார்த்தார். அவள் தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கூச்சத்தோடு ஒரு துளியைத் தொட்டு அந்த நெற்றியில் வைத்தார். பிறகு கட்டிலின் மறுபக்கம் முழந்தாளிட்டு, “அவர் பெயர் என்ன?” என்று டச்சில் கேட்டார்.

“அருளானந்தம்,” என்று அண்ணனின் பெயரைச் சொன்னாள் றெஜினா.

“அரு... ளானன்... டாம்,” என்று கண்டபடி பிரித்து, கடைசி அசையில் ஓங்கி அழுத்திவிட்டு, அவர் கண்களை மூடிக்கொண்டார்.

திருத்துவதற்கு றெஜினா வாயெடுத்தாள். எமரன்சியா அவளுடைய கையைப் பிடித்தாள்.

“விடு பிள்ளை. கேக்கிறவருக்கு விளங்கும்.”