கறுப்பு உருண்டை

"கையைத் திற!"

கெமிஸ்ட்ரி டீச்சர் போட்ட அதட்டலில் ஒன்பதாம் வகுப்பு கப்சிப் ஆனது.

வகுப்பு லீடர் திறக்கவில்லை. பொத்திய கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"கறுப்பை அமுக்கிட்டா டீச்சர்!" முன்வரிசை வாயாடி எழுந்து நின்று தீர்ப்பே சொல்லிவிட்டான்.

விஷயம் இதுதான். அணுக்கள் எப்படி ஒன்று சேருகின்றன என்று போர்டில் எழுதிப் போட்டால் பாதி வகுப்பு கொட்டாவி விடும் என்பது டீச்சருக்குத் தெரியும். அதனால் வகுப்பையே அணுக்களாக்கிவிட்டார். ஒரு துணிப்பை நிறைய மர உருண்டைகள். ஆளுக்கு ஒன்று, பார்க்காமல் எடுக்க வேண்டும்.

"உருண்டையில எத்தனை ஓட்டையோ அத்தனை கை உங்களுக்கு. வெள்ளை ஹைட்ரஜன், ஒரு கை. சிவப்பு ஆக்ஸிஜன், ரெண்டு கை. ஒரு கைன்னா ஒரு எலக்ட்ரான். நீ ஒண்ணு நீட்டு, அவன் ஒண்ணு நீட்டுவான். ரெண்டும் ரெண்டு பேருக்கும் பொது. பிணைப்புன்னா அவ்வளவுதான்."

வெள்ளை எடுத்த வாயாடி முழித்தான். "இருக்கறது ஒரு கை. அதையும் குடுத்துட்டா மூக்கு அரிச்சா என்ன பண்றது டீச்சர்?"

"ஹைட்ரஜனுக்கு மூக்கு கிடையாது. உட்காரு."

கறுப்பு ஒன்றே ஒன்று. கார்பன். அதற்கு நாலு கை.

"மனுஷனுக்கு ரெண்டுதானே?"

"ரெண்டு கை, ரெண்டு தோள். கணக்கு சரியாப் போச்சா?"

நடுவில் நின்று நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளும் ராஜ வேஷம் என்பதால் அதன்மேல் எல்லோருக்கும் ஒரு கண்.

ஊதாவும் ஒன்றே ஒன்று. நியான். அதில் ஓட்டையே இல்லை. "வயிறு நிறைஞ்ச ஆளு. யார்கிட்டயும் கை நீட்டாது. ஜன்னலோரமாப் போய்த் தனியா நிக்கணும்," என்று டீச்சர் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள்.

லீடர்தான் பையைத் தூக்கிக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போனாள். மிஞ்சும் கடைசி உருண்டை அவளுக்கு என்பது பேச்சு. கடைசி பெஞ்சில், வேறு பள்ளியிலிருந்து போன மாதம் வந்து சேர்ந்த புதுப்பெண் மட்டும் பாக்கி. பையில் இன்னும் இரண்டே உருண்டை. கறுப்பும் ஊதாவும் அதுவரை யாருக்கும் வரவில்லை.

அங்கேதான் லீடர் பைக்குள் எட்டிப் பார்த்தாள். புதுப்பெண் நீட்டிய கையை ஒதுக்கிவிட்டு, தன் கையை விட்டு ஒன்றை எடுத்துப் பொத்திக்கொண்டாள்.

டீச்சருக்குச் சுர்ரென்று ஏறியது. நியாயம் பிசகினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அதுவும் அவரே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து பேட்ஜ் குத்திவிட்ட பெண்! வாயில்லாப் பூச்சி ஒருத்தி கிடைத்தால் ஏமாற்றிவிடுவதா?

"பார்த்துத்தானே எடுத்தே?"

"ஆமா டீச்சர்."

"உன் முறை கடைசிதானே?"

"ஆமா டீச்சர்."

"அப்போ பேட்ஜைக் கழட்டி மேஜைமேல வை."

லீடருக்குக் கண் கலங்கிவிட்டது. தினமும் துடைத்துப் பளபளவென்று குத்திக்கொண்டு வருகிற பேட்ஜ். பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஒரு கையாலேயே தட்டுத் தடுமாறிக் கழற்றினாள். பொத்திய கை மட்டும் பொத்தியபடியே இருந்தது.

"அவ முதல்ல எடுக்கட்டும் டீச்சர். அப்புறம் திறக்கறேன்."

புதுப்பெண் பயந்துகொண்டே பைக்குள் கையை விட்டாள். எடுத்தாள்.

கறுப்பு!

வகுப்பு ஓவென்று கத்தியது. ஹைட்ரஜன்கள் பெஞ்சைத் தாண்டிக் குதித்து ஓடின.

"வலது கை எனக்கு!" வாயாடிதான் முதல் ஆள்.

"தோளு எனக்கு! நான்தான் முதல்ல சொன்னேன்!"

"ஏய், ஆக்ஸிஜனையும் சேர்த்துக்கோங்கப்பா!"

நடுவில் அந்தப் பெண், யாருக்கு எந்தக் கையைக் கொடுப்பதென்று புரியாமல் விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்குத் தெற்றுப்பல் இருப்பதே அன்றைக்குத்தான் டீச்சருக்குத் தெரிந்தது.

அந்தக் கூச்சலில் யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்து லீடர் கையைத் திறந்தாள். ஊதா உருண்டை.

டீச்சருக்கு வெட்கமாகப் போய்விட்டது. பேட்ஜை எடுத்துத் தன் கையாலேயே அவளுக்குக் குத்திவிட்டார்.

"கேட்டப்பவே சொல்லியிருக்கலாமேடி?"

"சொன்னா அவ காதுல விழுமே டீச்சர்."

"அதுக்காக நீ போய் நியானை எடுத்துக்கணுமா?"

லீடர் ஜன்னலோரமாக நடந்துகொண்டே சொன்னாள்:

"வந்த நாள்லேர்ந்து அவ தனியாத்தானே டீச்சர் நிக்கறா. விளையாட்டுலயும் அவளேயா நிக்கணும்?"