வராதவர் தலையில்

"இன்னும் யார் வரல?" என்று கேட்டார் தலைவர், கதவைப் பார்த்தபடி.

பல் மருத்துவர் சங்கத்தின் செயற்குழுவில் இது சாதாரணக் கேள்வி இல்லை. ஆண்டு மாநாட்டை யார் நடத்துவது என்பதற்கு அங்கே எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. அன்றைய கூட்டத்துக்கு வராதவர் தலையில் கட்டிவிடுவார்கள். எல்லோரும் வந்துவிட்டால், போன வருஷம் மாட்டியவரே மறுபடியும் மாட்டுவார். நானே செய்கிறேன் என்று யாராவது கை தூக்கினால் அது இன்னும் ஆபத்து. தலைவர் நாற்காலிக்கு அடி போடுகிறான் என்று பேசிப் பேசியே கையை இறக்க வைத்துவிடுவார்கள்.

அதனால் காய்ச்சலோ கல்யாணமோ, இந்த ஒரு கூட்டத்துக்கு மட்டும் எல்லோரும் ஆஜர். மூன்று வருஷத்துக்கு முன்னால் சளி பிடித்து வீட்டில் படுத்திருந்த பாவத்துக்கு, செயலாளர் அம்மாள் தொடர்ந்து மூன்று மாநாடுகளை நடத்தியிருந்தார். மைக் கரகரத்ததில் இருந்து சாம்பிராணி மாதிரி சமையல்கட்டுப் புகை அரங்கத்துக்குள் வந்தது வரை எல்லாத் திட்டும் அவருக்குத்தான்.

இந்த வருஷம் அவர் கவலையே வேறு. கடல் கடந்து வாழும் மகளுக்குத் தலைப்பிரசவம். அதுவும் சரியாக மாநாட்டு மாதத்தில். "அம்மா, நீ வருவியா?" என்று மகள் ஒரே ஒரு தடவை கேட்டாள். இவர் பதில் சொல்லத் தயங்கியதும், அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் தாய் மனதை அறுத்துக்கொண்டிருந்தது.

"கடைவாய் வரல சார்," என்றார் பொருளாளர். குரலில் தேன் வடிந்தது.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதில் அசகாயசூரர் என்பதால் அந்த டாக்டருக்கு அப்படி ஒரு பெயர். எந்தக் கூட்டத்துக்கும் முதல் ஆளாக வந்து, டீ ஃபிளாஸ்க்குக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொள்பவர்.

"நல்லா பாத்தீங்களா? பாத்ரூம்ல இருக்கப்போறார்."

"அவர் வீட்ல இருந்து போன் வந்துச்சு சார். இடுப்பு பிடிச்சுக்கிச்சாம். நிமிரவே முடியலையாம்."

"அடப் பாவமே," என்ற தலைவர், துக்கத்தை அதோடு முடித்துக்கொண்டார். "அப்ப மாநாட்டுப் பொறுப்பு கடைவாய்க்கு. யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

யாருக்கும் இல்லை. எல்லோருக்கும் முன்னால் கை தட்டியவர் செயலாளர் அம்மாள். தட்டிய பிறகுதான் அவருக்கு வெட்கமாக இருந்தது.

அன்று மாலையே தலைவர், பொருளாளர், செயலாளர் மூவரும் ஒரே காரில் செய்தி சொல்லப் போனார்கள். கடைவாய் கட்டிலில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி வெந்நீர்ப் பையோடு நின்றிருந்தாள்.

"எப்படி இருக்கு டாக்டர்?"

"இருமினா உயிர் போகுது."

தலைவர் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். கடைவாய் கண்ணை மூடிக்கொண்டார்.

"படுத்துக் கிடக்கிறவன் தலையில கட்டிட்டு வந்திருக்கீங்களே, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?"

தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். செயலாளர் அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. இந்த மனுஷனை இந்த நிலையில் விட்டுவிட்டு எப்படி விமானம் ஏறுவது?

"சார், நீங்க உடம்பைப் பாருங்க. இந்த வருஷமும் நானே செஞ்சிடறேன். என் பொண்ணு புரிஞ்சுக்குவா," என்றார்.

பொருளாளருக்கு வியர்த்தது. மறுபடியும் பேச்சை ஆரம்பித்தால் அது யார் தலையில் வந்து விடியுமோ. "தீர்மானம் போட்டாச்சே மேடம்," என்று அவசரமாகச் சொன்னார்.

"அவர் சொல்றதுதான் சரி," என்று சீறினார் கடைவாய். "சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தான். நீங்க சளியோட மாட்டினப்ப நாங்க யாராவது விட்டுக்கொடுத்தோமா? சீக்காளின்னு சொல்லி வேலையைப் பிடுங்கினா எனக்குத்தான் அவமானம் டாக்டரம்மா. கிளம்புங்க."

"ஹால்காரர், சமையல்காரர் நம்பரெல்லாம் நாளைக்கே அனுப்பிடறேன் சார்."

"அதையாவது செய்ங்க," என்று முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

செயலாளர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். குற்ற உணர்வு ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். காரில் ஏறும்போது சந்தோஷம்தான் ஜெயித்திருந்தது.

கார் தெருமுனையில் திரும்பியதும் கடைவாய் போர்வையை உதறிவிட்டுக் கட்டிலிலிருந்து குதித்தார்.

"வெந்நீர் வச்சே என் கை வெந்துபோச்சு. பல்வலின்னு சொல்லியிருந்தா எனக்கு இந்த வேலை மிச்சம்," என்றாள் மனைவி.

"பல் டாக்டருங்க மூணு பேர் வர்ற வீட்ல பல்வலியா? வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிச்சே கண்டுபிடிச்சிருப்பாங்க."

சிரித்துக்கொண்டே போனை எடுத்து, கடல் கடந்த எண் ஒன்றை அழைத்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"பாப்பா, உங்கம்மா டிக்கெட் போடப் போறாங்க. நீ எனக்குப் போன் பண்ணி அழுதது மட்டும் நமக்குள்ளயே இருக்கட்டும்."