பச்சை மட்டும்

தோட்டங்களுக்கு அழகு சேர்த்துத் தரும் நிபுணர், பழைய வீட்டுத் தோட்டத்தின் புகைப்படத்தைச் செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

“புது வீட்டுக்கும் இதே மாதிரி வேணுமா? அம்மா, வண்ணத்துக்குன்னு ஒரு இலக்கணம் இருக்கு. இங்க பாருங்க, குரோட்டன்ஸ் எல்லாம் ரத்தச் சிவப்பு. தோட்டமா, தீ விபத்தா? நான் வெளிநாட்டுல படிச்சவன்...”

“ஒரு செடிகூட மாறக் கூடாது தம்பி.”

“யாரு வச்சது இதை?”

“எங்க வீட்டுக்காரர்.”

“அவருக்கு ரசனைன்னு ஒண்ணு...”

அந்த அம்மாள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“கல்யாணமான புதுசுல, சிவப்பு என் கண்ணை உறுத்துதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். மனுஷன் நர்சரி நர்சரியா அலைஞ்சு, இலை இலையாத் தடவிப் பார்த்து, சொரசொரப்புக்குப் பக்கத்துல வழவழப்புன்னு வச்சு முடிச்சார். ‘முழுக்கப் பச்சை, உனக்காக’ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனார். பார்த்தா...”

“ஒரே சிவப்பு!”

“அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது. அவருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. வர்ற விருந்தாளி வாயையெல்லாம் பலகாரம் குடுத்தே அடைச்சு வச்சிருக்கேன்.”

பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். “என்ன தம்பி, படம் பார்த்தாச்சா? எப்படி நம்ம தோட்டம்?”

அம்மாள் நிபுணரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளிநாட்டுப் படிப்பு ஒரு முறை இருமியது.

“எதையும் மாத்த வேண்டாம் சார். பச்சையில இத்தனை வகை இருக்குன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது.”