அரிப்புக்குப் பயப்படாதவள்

"விடு! கையை எடுடி! ஐயோ, மறுபடியும் ரத்தம்!"

டீச்சர் கத்திய நேரத்தில்தான் அழைப்பு மணி அலறியது. இரண்டரை வயது மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டே கதவைத் திறந்தாள். வாசலில் முழுக்கைச் சட்டை போட்ட ஒரு பெண்.

"ஆயா வேலைக்கு வரச் சொல்லியிருந்தீங்க."

"வாம்மா. முதல்லயே சொல்லிடறேன். இவ சொறிஞ்சு வச்சிருக்கிற புண்ணு ஒட்டிக்கும்னு போன ஆயா பயந்து ஓடிட்டா. அதுக்கு முந்தினவ மூணே நாள். எனக்கு லீவு தீர்ந்துபோச்சு. திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போயாகணும். நீயாவது தாக்குப்பிடிப்பியா?"

"இது கரப்பான், தோல் அரிப்பு நோய். ஒட்டாதுங்க." குழந்தையைக் கையில் வாங்கினாள். அது வீறிட்டது. அவள் அசரவில்லை. "சுடுதண்ணியில குளிப்பாட்டுனீங்களா?"

"ஆமா. அழுக்குலதானே அரிக்குதுன்னு நல்லா சோப்பு போட்டுத் தேய்ச்சு..."

"அங்கதான் வினையே. தோல் வறண்டா அரிக்கும். சொறிஞ்சா புண்ணாகும். புண்ணானா இன்னும் அரிக்கும். வெதுவெதுப்பான தண்ணி, அஞ்சே நிமிஷம் போதும். ஈரத்தை ஒத்தி எடுத்துட்டு, உடனே டாக்டர் குடுத்த களிம்பைத் தடவணும். முதல்ல இந்தக் கம்பளிச் சட்டையைக் கழட்டுங்க."

நாற்பது பிள்ளைகளை அதட்டும் டீச்சர், சொன்னபடியே கழற்றினாள்.

ஆயா துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, சிவந்த இடங்களில் மெல்ல வைத்தாள்.

"சொறியாதேன்னா இதுக்குப் புரியுமா? கைக்கு வேற வேலை குடுக்கணும்." ஒரு கரண்டியைக் குழந்தையிடம் நீட்டினாள். அழுகை விம்மலாகி, விம்மல் பெருமூச்சாகி அடங்கியது.

டீச்சருக்குக் கண் கலங்கியது. "ரெண்டு வருஷமா தெரியாமலே கொடுமைப்படுத்தியிருக்கேன். என் வீட்டுலயும் என் வீட்டுக்காரர் வீட்டுலயும் யாருக்கும் இது கிடையாதும்மா. அதான் ஒண்ணுமே தெரியல. உனக்கு எப்படி இவ்வளவும் தெரியும்?"

ஆயா சட்டைக்கையைச் சுருட்டினாள். முழங்கை மடிப்பில் கறுத்துத் தடித்த தோல். குழந்தைக்கு இருந்த அதே இடம். அதே நகக்கீறல்கள்.

"அடப்பாவமே... உனக்குமா?"

அவள் குழந்தையின் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"நீங்க இவளைத் தத்தெடுத்துட்டுப் போன அன்னைக்கே நான் இதைச் சொல்லியிருக்கணும், டீச்சர்... என் தோல்தான் இவளுக்கு வந்திருக்கு."